தோற்பதற்கும் இடம் வேண்டும்

"அண்ணே, ரோபோ செய்யணும்னா பதினொண்ணுல எந்த குரூப் எடுக்கணும்?"

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காலனி ஒன்றில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் பத்தாம் வகுப்பு மாணவி கேட்டாள். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அப்பா, மழை பெய்தால் கரிசல் காட்டு வேலைக்கும் பொய்த்தால் கட்டட வேலைக்கும் போகிறவர். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை எங்கள் செல்போனில் பார்த்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேலைப் பற்றிச் சொன்னோம். விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, பி.இ. முடித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வரை போனவர். ஆகவே பிளஸ் டூ மட்டுமே வழி என்றில்லை. தன்னால் முடிந்தது எல்லோராலும் முடியும், வாய்ப்பு எல்லோருக்கும் இருக்கிறது என்பது அவர் கருத்து.

அதில் பாதியை நாங்கள் ஏற்கிறோம். மீதிப் பாதிக்கு அவருடைய துறையிலிருந்தே பதில் சொல்லலாம்.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 தரையிறங்கி விழுந்து நொறுங்கியது. இறங்கும் கடைசி நிமிடங்களில் பூமியிலிருந்து யாரும் அதை ஓட்ட முடியாது. கேமராவும் சென்சாரும் தரும் தகவலை வைத்து மென்பொருள்தான் முடிவெடுக்க வேண்டும். அன்று எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிடக் கூடியது. பிழைகள் சேர்ந்தன. மென்பொருளால் சமாளிக்க முடியவில்லை. இறங்குவதற்கென்று குறித்திருந்த இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்.

அடுத்த முறை, என்னென்ன தவறும் என்று முதலில் பட்டியலிட்டு, அவை தவறினாலும் பிழைக்கும்படி கலத்தைச் செய்தார்கள். அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் இதைத் தோல்வியை அடிப்படையாகக் கொண்ட வடிவமைப்பு என்றார். கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், மென்பொருளைத் திருத்தினார்கள். இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். அதனால்தான் 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ரோவர் நிலவில் நூறு மீட்டருக்கு மேல் ஓடியது.

எங்கள் மையத்திலிருந்து பொறியியல் படிக்கப் போன தம்பி ஒருவன் இருந்தான். தமிழ்வழி மாணவன், அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர். "கோட்டாவுல வந்தவன்தானே" என்று வகுப்பில் பேச்சு. உதவித்தொகை தாமதமாக, கட்டணம் பாக்கி விழுந்தது. மூன்றாம் ஆண்டில் நின்றுவிட்டான். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

இஸ்ரோவுக்கு நான்கு ஆண்டும் இன்னொரு கலமும் கிடைத்தன. கிடைத்ததும் சரிதான். இந்தத் தம்பிக்கு இறங்க ஐநூறு மீட்டரைக்கூட யாரும் விடவில்லை. யாரும் என்பதில் நாங்களும் அடக்கம். அவன் சேர்ந்த அன்று பேனர் கட்டினோம். முதல் அரியர் வந்த அன்று ஒரு போன்கூடப் போடவில்லை.

அதற்குப் பிறகு வேலைமுறையை மாற்றிக்கொண்டோம். டிப்ளமோவோ பொறியியலோ, சேர்கிற எங்கள் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டு முழுவதும் ஞாயிற்றுக்கிழமை கணக்கு வகுப்பு. அரியர் தேர்வுக் கட்டணத்துக்கு ஒரு சிறு நிதி. உதவித்தொகை விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது என்று நாங்களே போய்க் கேட்கிறோம். இஸ்ரோவின் மகேந்திரகிரி வளாகம் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களுக்கு வேலை அறிவிக்கும்போது பட்டியலினத்தவருக்கான இடங்களைத் தேடிப் படித்துச் சொல்கிறோம். தனியார் மென்பொருள் நிறுவனங்களில் இந்த இடஒதுக்கீடு கிடையாது என்பதையும் மறைப்பதில்லை.

படித்து வேலைக்குப் போய்விட்ட தோழர்களிடம் நாங்கள் கேட்பது பாராட்டு விழாவுக்கு நன்கொடை அல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து கணக்கு சொல்லிக்கொடுங்கள்.

அந்த மாணவிக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "கணக்கு இருக்கிற குரூப் எடும்மா. இல்ல, பாலிடெக்னிக்கே போ. ஒரு பேப்பர் போனா அன்னைக்கே எங்களுக்குச் சொல்லணும். அது மட்டும் மறக்காதே."

"அண்ணே, இன்னும் சேரவே இல்ல. அதுக்குள்ள பெயிலாக்குறீங்களே" என்று சிரித்தாள்.