நால்வர் நடை

ஹாங்காங் என்றவுடன் வானளாவிய கட்டடங்களே பலரது நினைவுக்கு வரும். ஆயினும் அந்நகரத்தை அடுத்து மலைகள் அணிவகுத்து நிற்கின்றன. அவற்றின் மீது, கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி 100 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை ஒன்று செல்கிறது. 1979ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதற்கு மெக்லஹோஸ் தடம் என்று பெயர்.

நேபாள மலைகளில் பிறந்து வளர்ந்த கூர்க்கா வீரர்கள் அந்நாளில் பிரித்தானியப் படையில் சேர்ந்து ஹாங்காங்கில் பணியாற்றினர். 1981ஆம் ஆண்டில் அவர்களுக்குரிய பயிற்சியாக இத்தடத்தில் ஒரு நெடுநடை தொடங்கியது. 1986ஆம் ஆண்டில் ஆக்ஸ்பாம் என்னும் தொண்டு நிறுவனம் அதில் இணைந்தது, பொதுமக்களும் நடக்கலாயினர். நடப்போர் தம் உற்றாரிடமும் நண்பரிடமும் நன்கொடை திரட்டுவர். அத்தொகை வறியவர்களின் துயர் துடைக்கப் பயன்படும். பின்னர் இந்நடை பல நாடுகளுக்கும் பரவியது. நம் நாட்டில் பெங்களூரை ஒட்டிய பகுதிகளிலும் நடைபெற்றதுண்டு.

இதன் விதிகள் எளியவை. ஒரு குழுவிற்கு நால்வர். 100 கிலோமீட்டரை 48 மணி நேரத்திற்குள் கடக்க வேண்டும். நால்வரும் சேர்ந்தே நடக்க வேண்டும். எனவே விரைந்து நடப்பவரால் மட்டும் பயனில்லை. மெல்ல நடப்பவரின் வேகமே குழுவின் வேகம்.

அத்தகைய குழு ஒன்றை மனக்கண்ணில் காண்போம். நால்வருள் மூத்தவரே வலிமை மிக்கவர். மற்ற மூவருக்கும் பல மாதங்கள் பயிற்சி அளித்தவரும் அவரே. முப்பது மணி நேரத்தில் நடையை முடிப்பதே அவர்களது இலக்கு. பகல் முழுவதும் அவரே முன்னால் நடந்தார்.

இரவு வந்தது. தொலைவில் நகரத்தின் விளக்குகள் மின்னின. மலையிலோ நெற்றி விளக்கின் சிறு வட்டமே வழிகாட்டியது. இறக்கத்தில் மூத்தவரின் முழங்கால் வலிக்கத் தொடங்கியது. அவர் அதை எவரிடமும் கூறவில்லை. ஆனால் பின்னால் வந்த இளையவர், ஊன்றுகோலின் ஓசை மாறியதைக் கேட்டார்.

“உங்கள் பையை என்னிடம் கொடுங்கள்” என்றார் இளையவர்.

“எனக்கு ஒன்றுமில்லை” என்றார் மூத்தவர்.

சிறிது தொலைவு சென்றதும் இளையவர் மீண்டும் கேட்டார். அப்போதும் அதே விடைதான். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை; நின்று, கையை மட்டும் நீட்டினார். மூத்தவர் நெடுநேரம் தயங்கினார். கற்பித்தவர் கற்றவரிடம் சுமையைக் கொடுப்பதா? இறுதியில் பையைக் கழற்றிக் கொடுத்தார். 100 கிலோமீட்டரில் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது அந்த ஒரு கணமே.

அதன்பின் அவரை முன்னால் நடக்கவிட்டு, மற்றவர்கள் அவரது அடிக்கேற்பத் தம் அடியை அளந்து வைத்தனர். முப்பது மணி நேர இலக்கு கைநழுவிப் போயிற்று. அதைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. 957 மீட்டர் உயரமுள்ள தைமோஷான் மலையை அவர்கள் மெல்லக் கடந்தனர். நாற்பது மணி நேரத்திற்குப் பின் நால்வரும் ஒன்றாக முடிவிடம் சேர்ந்தனர்.

நடையைத் தொடங்கும்போது, பிறருக்கு உதவப் போகிறோம் என்ற பெருமிதம் மூத்தவரின் உள்ளத்தில் இருந்தது. முடித்தபோது அவர் வேறொன்றையும் அறிந்திருந்தார். உதவி பெறுவோர்க்கும் தன்மானம் உண்டு. தம் சுமையைப் பிறரிடம் கொடுக்க அவர்களும் தயங்குவர். அத்தயக்கத்தை உணர்ந்தவரே பிறர் மனம் நோகாமல் கொடுக்க வல்லவர்.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் ஓசையின்றிப் பின்தங்கும் ஒருவர் இருக்கலாம். அவரது நடை மாறுவதை முதலில் கேட்பவர் நீங்களாக இருங்கள். உங்கள் நடை தளரும் நாளில், நீளும் கையை மறுக்காமல் பற்றிக்கொள்ளுங்கள்.