பட்டறையில் கற்ற பாடம்

(இளம் அறிவியல் - இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம் உண்டு. எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். அந்த ஒழுங்கை என் தந்தையாரின் பட்டறைக்கும் கொண்டுபோக எண்ணி, சென்ற கோடை விடுமுறையில் நான் பட்ட பாட்டையே இங்கு எழுதுகிறேன்.

என் தந்தையார் தச்சர். வீட்டின் பின்புறம் 14 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஓட்டுக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்து கொடுத்தவர். எங்கள் வீட்டு வாசலுக்கோ தகரக் கதவு! இவ்வாண்டுதான் எங்களுக்கென்று ஒரு சிறு வீடு கட்டத் தொடங்கினோம். 4 நிலைகள், 4 கதவுகள், 6 ஜன்னல்கள். அத்தனையும் அந்தக் கொட்டகைக்குள்தான் உருவாக வேண்டும்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. இழைக்கும் மேசை குறுக்கே கிடந்தது. 7 அடி நிலைக்காலை அதன்மேல் வைத்தால் இருபுறமும் ஆள் நடக்க முடியாது. சாணை பிடிக்கும் இயந்திரத்தின் காலடியில் இழைப்புச் சுருள் குவிந்திருந்தது. ஒரு பொறி போதும், எல்லாம் சாம்பலாகிவிடும். எங்கள் முற்றத்தில் நின்று மழையில் சாய்ந்த வேப்பமரத்தின் பலகைகள் மண்தரையிலேயே கிடந்தன.

வரைபடத்தாளில் திட்டம் போட்டேன். மேசையைத் திருப்பி வாசலுக்கு நேராகப் போட்டேன். நீண்ட மரத்தின் நுனி இனி வெளியே நீட்டிக்கொள்ளலாம். சாணை இயந்திரத்தை வெளித் திண்ணைக்கு மாற்றினேன். பலகைகளைச் செங்கல் மேல் அடுக்க முனைந்தபோது அப்பா ஒவ்வொரு வரிசைக்கும் இடையே குறுக்குச் சட்டங்களை வைத்தார். "பலகை மூச்சு விடணும் தம்பி" என்றார். மரம் காயும்போது நீளவாக்கில் அதிகம் சுருங்குவதில்லை, அகலவாக்கில்தான் சுருங்கும். ஒரு முகம் காய்ந்து மறுமுகம் ஈரமாயிருந்தால் பலகை வளைந்துவிடும். நான் நூலில் தேடியதை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

பிறகு கருவிகளுக்கு வந்தேன். பழைய பெட்டிகளைச் சேகரித்து, உளிகள், அரங்கள், கீல்கள், திருகாணிகள் என்று வகை பிரித்து மூடி, ஒவ்வொன்றின்மேலும் அழகாகப் பெயர் எழுதி ஒட்டினேன். அன்றிரவு எனக்கே என்மீது பெருமை.

மறுநாள் காலை அப்பா ஒரு கீலுக்காக 5 பெட்டிகளைத் திறந்து மூடினார். "மேலேயே எழுதியிருக்கேனேப்பா" என்றேன்.

அவர் சிரித்தார். "எழுதியிருக்கே தம்பி. அதைப் படிக்கத்தானே உன்னைக் காலேஜுக்கு அனுப்பியிருக்கேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. டேப்பில் நூல் பிசகாமல் அளப்பவர் அவர். எண்கள் தெரியும், எழுத்துத்தான் தெரியாது. கல்லூரி விண்ணப்பத்தில் அவர் கைநாட்டு வைத்தபோது மையைத் துடைக்கத் துணி கொடுத்தவனே நான். அதை எப்படி மறந்தேன்? அவருடைய பட்டறையை நான் எனக்காக அல்லவா அடுக்கியிருக்கிறேன்!

அன்று மாலை இருவரும் சேர்ந்து மீண்டும் தொடங்கினோம். சுவரில் ஒரு பலகையை அடித்தோம். அப்பா ஒவ்வொரு கருவியையும் அதன்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். நான் அந்த உருவங்களுக்குள் மீந்துபோன பெயிண்டைப் பூசினேன். உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாம் தத்தம் நிழலின் மேல் தொங்கின. எது இல்லையென்பதை வெறும் நிழலே சொல்லிவிடும். பெட்டிகளின் வெளியே உள்ளிருக்கும் பொருளில் ஒன்றைத் திருகி வைத்தோம். கீல் பெட்டியில் ஒரு கீல். திருகாணிப் பெட்டியில் ஒரு திருகாணி. என் காகிதங்களை நானே கிழித்தேன்.

வாசல் நிலையைப் பூட்டிய அன்று, எதிரெதிர் மூலைகளுக்குக் கயிறு பிடிக்கச் சொன்னார். இரண்டு மூலைவிட்டங்களும் மயிரிழை பிசகாமல் சமமாயிருந்தன. "இப்போ மூலை சரி" என்றார். அது ஏன் என்று நிறுவ எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிலையைச் செய்ய எனக்குத் தெரியாது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். கற்றதை வீட்டுக்குக் கொண்டுசெல்வோம். அதற்குமுன், அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.