பிரிவுபசாரம் முடிந்த பிறகு

தை பிறந்து மாசி முடிவதற்குள் பெங்களூரிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளிலும் பி.யூ. கல்லூரிகளிலும் பிரிவுபசார விழாக்கள் நடந்தேறிவிடுகின்றன. கன்னடத்தார் இதனைப் ‘பீள்கொடுகெ’ என்பர். விடை கொடுத்து அனுப்புதல் என்று பொருள். தமிழிலோ விடை என்பதற்குப் பதில் என்னும் பொருளும் உண்டாதலால், பரீட்சைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு எல்லோரும் விடை கொடுக்கும் நாள் இது என்று எங்கள் அலுவலக நண்பரொருவர் வேடிக்கையாகச் சொல்வார்.

நம்மில் பெரும்பாலோர் ஊரிலே கண்ட பிரிவுபசாரம் மிக எளியது. ஜோலார்பேட்டைப் பக்கத்துப் பள்ளியில் எனக்குக் கிடைத்தவை ஒரு லட்டு, ஒரு பொட்டலம் காராபூந்தி, தலைமையாசிரியரின் நீண்ட உரை, வேப்பமரத்தடியில் எடுத்த ஒரு குழுப்படம். மாலை ஐந்து மணிக்கு அவரவர் வீட்டில் இருந்தோம். இன்றைய பெங்களூரில் அவ்வாறன்று. பெண்கள் புடவை உடுத்துகின்றனர். பெரும்பாலும் அது அன்னையின் பட்டுப்புடவை. பையன்கள் கோட்டு அணிகின்றனர். வேட்டி கட்டி வருவோரும் உண்டு. கீழ்வகுப்பு மாணவர், மூத்தவர் ஒவ்வொருவருக்கும் குணத்துக்கேற்ற பட்டமொன்று சூட்டுகின்றனர். கடைசி நாளன்று வெள்ளைச் சட்டை முழுவதும் தோழர்கள் மையினால் கையெழுத்திடுவர். அச்சட்டையைத் துவைக்கலாகாது என்பது தாய்மார்களுக்கு முன்னரே சொல்லி வைக்க வேண்டிய செய்தி! இவற்றிலெல்லாம் குற்றம் காண்பதற்கு என்ன இருக்கிறது? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள் பிரிகின்றனர். மகிழட்டும், அழட்டும்.

அமெரிக்கப் பள்ளிகளில் இதையொத்த விழாவுக்குப் ‘பிராம்’ என்று பெயர். விருந்தினர் வரிசையாக உலாவி வருதலைக் குறிக்கும் ‘பிராமனேடு’ என்னும் சொல்லின் சுருக்கம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கல்லூரிகளில் தோன்றிப் பின்னர் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பரவியது. அங்கே ஆணும் பெண்ணும் இணையாகச் செல்வது வழக்கம். நம் பிள்ளைகளோ வகுப்போடு வகுப்பாகக் கூட்டமாகச் செல்கின்றனர். திரைப்படங்களில் கண்டு நம் நகரத்துப் பிள்ளைகளும் அப்பெயரை அறிந்துகொண்டனர்.

கவலை விழாவில் இல்லை. பள்ளி வாயில் மூடிய பின்னர் வீட்டு வாயில் திறக்கும் வரையுள்ள நான்கைந்து மணி நேரத்தில் இருக்கிறது. அதற்குத்தான் ‘ஆப்டர் பார்ட்டி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். நகருக்கு வெளியே யாருடைய தோட்ட வீட்டிலோ, ஓட்டல் கூடத்திலோ நடைபெறும். ஆசிரியர் இரார், பெற்றோர் இரார். உரிமம் பெறாத பையன் அண்ணனின் ஸ்கூட்டரை எடுத்து வருவான். அவன் பின்னால் இருவர் அமர்வர். மூவர் தலையிலும் ஹெல்மெட் இராது.

2024 மே 19-ஆம் நாள் அதிகாலையில் புனே நகரில் நிகழ்ந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியதை நண்பர்களோடு கொண்டாடிவிட்டுத் திரும்பிய பதினேழு வயதுச் சிறுவன், தந்தையின் விலையுயர்ந்த காரை ஓட்டி வந்து மோதியதில், மோட்டார் சைக்கிளில் சென்ற இளம் பொறியாளர் இருவர் மாண்டனர். அவன் குடித்திருந்தான் என்பது போலீசாரின் குற்றச்சாட்டு. முந்நூறு சொற்களில் ஒரு கட்டுரை எழுதுமாறு நிபந்தனை விதித்து அன்றே அவனுக்கு ஜாமீன் வழங்கப்பட்டதும் நாடே கொதித்தது. இறந்தவர்களும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களே. அச்செய்தியைப் படித்தபோது என் மனத்தை அதிகம் வருத்தியது அதுதான்.

சட்டம் இல்லாமலில்லை. கர்நாடகத்தில் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மதுக்கடையில் மது கொடுத்தலாகாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயதாகாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், காப்பாளருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. ஆயினும் சாவி மாட்டும் ஆணி நம் வீட்டுச் சுவரில் அன்றோ இருக்கிறது!

என் அக்காள் மகள் இரண்டாம் பி.யூ. படித்த ஆண்டில் இந்தப் பேச்சு எங்கள் குடும்பத்திலும் எழுந்தது. விழாவுக்குப் போகலாம், அதற்குப் பின் விருந்து கிடையாது என்று அத்தான் உறுதியாகச் சொல்லிவிட்டார். அக்காள் வாய் திறக்கவில்லை. அவள் அச்சம் எனக்குத் தெரியும். ஊரில் என்றால் தெருவுக்கொரு சித்தப்பா, மூலைக்கொரு பெரியம்மா. பிள்ளை வரும் வழியெல்லாம் கண்கள். இங்கே எதிர்வீட்டாரின் பெயரே நமக்குச் சரியாகத் தெரியாது.

பெண் என்னிடம் வந்தாள். “மாமா, தோழி வீட்டில் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எங்கள் வகுப்பில் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. நான் உண்மையைச் சொல்லிக் கேட்டேன், என்னைத்தான் தடுக்கிறார்கள்” என்றாள்.

அதற்கு என்ன மறுமொழி கூறுவது? அத்தானிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்த நால்வர் வீட்டிலும் யார் போய்ச் சொல்வது?” என்றார்.

நாங்களே சொன்னோம். ஒருவர் கன்னடர், ஒருவர் மலையாளி, இருவர் நம்மவர். ஒரு வீட்டில் கதவைப் பாதி திறந்தபடியே பேசினார்கள். மற்றவர்கள் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். முடிவில் அல்சூரில் அக்காள் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியிலேயே விருந்து என்றாயிற்று. பிள்ளைகள் பதினேழு பேர். வந்தவுடன் வண்டிச் சாவிகள் ஓர் எவர்சில்வர் தூக்கில் விழுந்தன. மூடி அத்தான் வசம். பஜ்ஜி, பிரைடு ரைஸ், ஐஸ்கிரீம். பத்து மணிக்குப் பாட்டுப் பெட்டியை நிறுத்தினோம். அதற்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென்பது சட்டம், கீழ்வீட்டுப் பாட்டிக்கும் உறக்கம் வேண்டும். பிறகு வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் பார்த்தார்கள். நடுவே இரு பையன்கள் “சும்மா ஒரு சுற்று நடந்து வருகிறோம்” என்றெழுந்தபோது, மலையாள நண்பர் தாமும் நடக்க விரும்புவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். மூவரும் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டனர்! பதினொன்றரை மணிக்குப் பையன்களை இரண்டு கார்களில் அவரவர் வீட்டுக்கே கொண்டுபோய் விட்டோம். பெண்கள் அங்கேயே படுத்துறங்கிக் காலையில் இட்டிலி உண்டு சென்றார்கள்.

இது எங்கள் கண்டுபிடிப்பன்று என்று பின்னர் அறிந்தேன். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், பள்ளிப் படிப்பு முடியும் பருவத்தில் இளைஞர் பலர் குடியாலும் சாலை விபத்தாலும் மாண்டதைக் கண்டு, 1980-இல் பெற்றோரும் ஊராரும் சேர்ந்து மதுவில்லாத இரவு விருந்துகளை நடத்தத் தொடங்கினார்களாம். பள்ளி விளையாட்டுக் கூடத்தில் விடியும்வரை விளையாட்டு, பரிசுகள், காலைச் சிற்றுண்டி. இடையில் வெளியே போனால் மறுபடி உள்ளே வர இயலாது. அவ்வழக்கம் அந்நாடெங்கும் பரவியிருக்கிறது.

மாடியுள்ள வீடு எல்லோருக்கும் வாய்க்குமா என்று கேட்பீர்கள். வாய்க்காது. எங்கள் இரயில்வே குடியிருப்பில் இவ்வாண்டு இறுதி வகுப்பில் படிப்பவர் ஆறு பேர். எந்த வீட்டிலும் இரண்டு அறைக்கு மேலில்லை. ஆகவே இன்ஸ்டிடியூட் கூடத்தை ஓரிரவு கேட்டு விண்ணப்பம் எழுதி, ஆறு தகப்பனார்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஐந்து ஆகிவிட்டன. ஆறாமவர் இரவுப் பணி முடிந்து நாளைக் காலையில் வருகிறார்.