'வேற லெவல்' இல்லாத காலத்தில் ஔவை எப்படிப் பாராட்டினார்? தகடூர் மண்ணில் ஒரு சுற்று

ஒகேனக்கல்லில் பரிசலைவிட்டு இறங்குகிறவர்கள் முதல் வேலையாக ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கிறார்கள். அருவிப் படத்தோடு போகும் வரி பெரும்பாலும் 'செம', 'மாஸ்', 'வேற லெவல்' இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கொஞ்சம் நீட்டி எழுதுகிறவர்கள் 'இந்தியாவின் நயாகரா' என்பார்கள். காவிரிக்கு எதற்குக் கடன் வாங்கிய புகழ்? ஊர்ப் பெயரே நல்ல பாராட்டாக இருக்கிறதே! கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. கல் நமக்குத் தெரிந்த கல்தான். தண்ணீர் விழும் வேகத்தில் பாறையே புகைவது போலத் தெரிவதைப் பார்த்து யாரோ வைத்த பெயர்.

சரியான பாராட்டுச் சொல்லைத் தேடுவது எல்லா மொழிக்காரர்களுக்கும் உள்ள பாடு. ஸ்பானிஷ் மொழியில் 'ஓம்ப்ரே கிராந்தே' என்றால் உருவத்தில் பெரிய ஆள். அதே சொல்லை முன்னால் கொண்டுவந்து 'கிரான் ஓம்ப்ரே' என்றால் மகத்தான மனிதர். தமிழில் இடம்கூட மாற வேண்டாம், குரல் மாறினால் போதும். "பெரிய ஆளுதான்பா நீ" என்பது பாராட்டா, குத்தலா? சொல்பவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் கைதேர்ந்த ஒருவர் பாடிய மண் தருமபுரி. அருவியிலிருந்து சுமார் 46 கி.மீ. திரும்பி வந்து, சேலம் சாலையில் இன்னும் 7 கி.மீ. போனால் அதியமான்கோட்டை. காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் கூட்டம் அலைமோதும் அதே ஊர்தான். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் ஔவைக்கும் இங்கே அரசு நினைவிடம் இருக்கிறது. (ஆத்திசூடி எழுதிய ஔவை வேறு, பிற்காலத்தவர்.)

நெல்லிக்கனி கதை எல்லோருக்கும் தெரியும். ஆயுளை நீட்டிக்கும் கனியைத் தான் உண்ணாமல் புலவருக்குக் கொடுத்த மன்னன் அவன். ஆனால் ஔவை அவனை எப்படிப் புகழ்ந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புறநானூற்றில் அவர் பாடியதைப் படித்தால், 'மாவீரன்', 'மகா வள்ளல்' என்று அடுக்கும் நம் மேடைப் பேச்சு கொஞ்சம் கூச்சப்படும்.

அவன் வீரத்தைச் சொல்ல ஒரு தச்சனைக் கூப்பிடுகிறார். ஒரே நாளில் 8 தேர் செய்யும் தச்சன், ஒரு மாதம் உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்டவன் எங்களிடம் இருக்கிறான், எதிரிகளே பார்த்து வாருங்கள் என்கிறார். அன்பைச் சொல்ல ஒரு யானை வருகிறது. ஆற்றுத் துறையில் படுத்து, ஊர்ப் பிள்ளைகள் தந்தத்தைக் கழுவக் காட்டிக்கொண்டிருக்கும் யானை அவன். எங்களுக்கு இனியவன், எதிரிக்கு மதம் பிடித்த அதே யானை. பென்னாகரம் காட்டுப்பக்கம் யானை நடமாட்டம் இன்றும் உண்டு. அங்கே இருப்பவர்களுக்கு இந்த உவமையை விளக்கவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அவர் காஞ்சியில் செய்த பாராட்டு. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போகிறார் ஔவை. அவன் தன் ஆயுதக் கிடங்கைக் காட்டுகிறான். ஒரு சொல் பிசகினாலும் போர் வரலாம். ஔவை என்ன சொன்னார் தெரியுமா? உங்கள் வேல்களுக்கு மயில்பீலி, மாலை, நெய்ப்பூச்சு! காவல் உள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ, குத்திக் குத்தி முனை ஒடிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில்தான் கிடக்கின்றன. கேட்கப் புகழ்ச்சி போலத்தான் இருக்கிறது. தொண்டைமானுக்கு நிச்சயம் உறைத்திருக்கும்.

அதியமானைப் பற்றிக் கல்லில் இருப்பது இன்னும் சிக்கனம். திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981-ல் கண்டெடுத்த தமிழ்-பிராமிக் கல்வெட்டு அவன் பெயரையும், அவன் கொடுத்த இருப்பிடத்தையும் சொல்வதோடு சரி.

தகடூர் கடைசியில் விழுந்தது. முற்றுகையிட்ட சேரனுக்கு அதுவே பட்டம் ஆனது: 'தகடூர் எறிந்த' பெருஞ்சேரல் இரும்பொறை. இந்த ஊரின் அழிவு இன்னொரு அரசனுக்கு அடைமொழி. பேருந்தில் கோட்டையைத் தாண்டும்போது அந்த இரண்டு சொற்களை நினைத்துப் பார்த்தால் சற்று வலிக்கிறது.

அதியமான் மறைந்தபின் ஔவை பாடிய இரங்கல் பாட்டிலும் பெரிய சொற்கள் இல்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவைத்துத் தானும் குடித்து மகிழ்வான் என்று பழைய நாள்களைச் சொல்லிக்கொண்டே போகிறார். பிறகு அவன் மார்பைத் துளைத்த வேலைப் பற்றிச் சொல்கிறார். அது அங்கே நிற்கவில்லையாம். பாணர்களின் பாத்திரத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளையும் துளைத்து, சுற்றத்தாரின் கண்ணொளியை மங்கவைத்து, கடைசியில் நல்ல சொல்லைத் தேடித் தேடிப் பாடும் புலவர்களின் நாக்கில் போய் விழுந்ததாம்.