ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்

பி.காம். படித்தவனுக்கு மண் பாதை பைக்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது சார். கரடுமுரடுப் பாதையில் பைக் ஓட்டுவது என்பது பாதிக்கு மேல் கணக்கு வழக்குதான். எதற்குச் செலவு செய்தோம், பதிலுக்கு என்ன வந்தது என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

முதலில் வண்டியைப் பார்ப்போம். 2011-ல் ஹீரோ இம்பல்ஸ் வந்தபோது நம் ஊரில் அதைச் சீண்டியவர்கள் குறைவு. சீட் உயரம் என்றார்கள், இழுவை போதாது என்றார்கள். 2019-ல் அதே கம்பெனியின் எக்ஸ்பல்ஸ் 200 வந்த பிறகு காற்று மாறியது. முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18. வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி. நடுத்தர வர்க்கத்துக்கு எட்டுகிற விலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்மண்ணைத் தேடிப் போகிற கூட்டம் ஒன்று உருவாகிவிட்டது. அடியேனும் அதில் ஒருவன்.

ஒரு விஷயம். இந்த வண்டியின் எடை நூற்றைம்பது கிலோவுக்கு மேல். பந்தயத்துக்கென்றே செய்கிற 250 சிசி மோட்டோகிராஸ் வண்டி 110 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். இந்த நாற்பது கிலோ வித்தியாசம் தார் ரோட்டில் தெரியாது. பாலாற்று மணலில் வண்டி சாய்ந்து, அதைத் தூக்கி நிறுத்தும்போது இடுப்புக்குத் தெரியும். நாற்பது வயதைத் தாண்டிய இடுப்பு என்றால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்படியானால் வண்டியிலிருந்து எதையாவது குறைக்கத்தானே வேண்டும்? நம்மாட்கள் நேர்மாறாக ஏற்றுகிறார்கள். நாலு விளக்கு, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, பின்னால் பெட்டி, ஊரை எழுப்புகிற சைலன்சர்.

என் அலுவலகத்துத் தம்பி ஒருவன் இப்படி 62,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கி மாட்டினான். வண்டி கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஜொலித்தது. ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில், திண்டிவனம் தாண்டி, காய்ந்த ஏரிப் பக்கம் தனியாகப் போயிருக்கிறான். மதியம் ஒரு மணிக்கு வண்டி நின்றுவிட்டது. சூடான இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆகவே இல்லை. செல்போனில் சிக்னல் கிடையாது. பாட்டிலில் இருந்த தண்ணீர் அதற்குமுன்பே தீர்ந்துவிட்டது. ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தவனுக்கு ஒரு பனந்தோப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். வீட்டில் நிறைமாத மனைவி. சிக்னல் வந்ததும் போனில் முப்பத்தெட்டு மிஸ்டு கால்.

மறுநாள் வண்டி என் மெக்கானிக்கிடம் வந்தது. நாங்கள் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி எடுத்துக் காட்டினார். செங்கல் சூளையிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

"சார், மனுசனுக்கு மூக்கு எப்படியோ வண்டிக்கு இது அப்படி. தூசி உள்ளே போனா என்னா ஆவும்? ஆயிலோட சேந்து எமரி பேப்பரா மாறிடும். பிஸ்டன், ரிங்கு, போரு எல்லாத்தயும் தேச்சுத் தின்னுடும்" என்றார்.

தேய்ந்தால் கம்ப்ரஷன் போகும். கம்ப்ரஷன் போனால் சூட்டில் ஸ்டார்ட் ஆகாது. சரி செய்ய 18,000 ரூபாய் ஆயிற்று. புது ஃபில்டர் போட்டிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். எங்கள் அக்கவுன்டன்சி வகுப்பில் தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக் கழிக்க வேண்டும். கழிக்காமல் விட்டால் ஒரு நாள் மொத்தமாகக் கழியும் என்பதை இந்த இன்ஜின் விளக்கியதுபோல எந்தப் புத்தகமும் விளக்கியதில்லை.

பந்தய வண்டிக்காரர்கள் சர்வீஸுக்குக் கிலோமீட்டர் கணக்கே பார்ப்பதில்லை. இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான் எண்ணுகிறார்கள். புழுதியில் ஒரு மணி நேரம் என்பது தார் ரோட்டில் பல நாளுக்குச் சமம். அவர்கள் எண்ணெய் தோய்த்த ஃபோம் ஃபில்டரைக் கழுவிக் கழுவிப் போடுவார்கள். நம் வண்டியில் காகித ஃபில்டர் என்றால் சர்வீஸ் புத்தகத்து இடைவெளிக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

சரி, வண்டியில் எதையுமே மாற்றக்கூடாதா? மாற்றலாம். பாய் சொல்கிற வரிசை இது. முதலில் டயர், மண்ணைக் கவ்வுகிற பட்டன் டயர். மண்ணில் இறங்கும்போது காற்றை 16, 18 பி.எஸ்.ஐ. வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் கல்லில் மோதி, ரிம்முக்கு நடுவே ட்யூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும். தார் ரோடு ஏறுமுன் மறுபடி காற்றடிக்க ஒரு கைப் பம்பு அவசியம். அடுத்தது, இன்ஜினுக்குக் கீழே உறுதியான தகடு. பிறகு கைக்குக் கவசம். விழும்போது விரலும் பிழைக்கும், கிளட்ச் லீவரும் பிழைக்கும். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் உச்ச வேகம் கொஞ்சம் குறையும்; ஆனால் மேட்டில் வண்டி திணறாமல் நடைவேகத்தில் ஏறும். அவ்வளவுதான்.

சைலன்சர்? வேண்டாம். அந்தச் சத்தத்தில் ஆடு மாடு மிரளும், ஊர்க்காரர்கள் அடுத்த முறை பாதையை மறிப்பார்கள். நியாயமும் அவர்கள் பக்கம்தான். சட்டமும் சும்மா இல்லை. வண்டியை ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கும் முரணாக மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை விடுவது தனிக் குற்றம்.

மிச்சமெல்லாம் காசு கேட்காத வேலை. சக்கரத்து ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். தம்புரா சுருதி மாதிரி எல்லாம் ஒரே ஸ்வரத்தில் 'டிங்' என்க வேண்டும். ஒன்று மட்டும் 'டொக்' என்றால் அது தளர்ந்திருக்கிறது. செயினை முறுக்கி இறுக்காதீர்கள். பள்ளத்தில் பின் சக்கரம் மேலே எழும்பும்போது அது இன்னும் இறுகும், கியர் பாக்ஸ் பேரிங் பதம் பார்க்கப்படும். வாட்டர் சர்வீஸில் அந்தப் பீரங்கித் தண்ணீரை பேரிங் பக்கம் நேராக அடிக்க விடாதீர்கள். உள்ளே இருக்கிற கிரீஸ் வெளியே போய்விடும், தண்ணீர் குடியேறிவிடும்.

இதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்று நினைக்காதீர்கள். கேரளத்துக்காரர் ஹரித் நோவா 2024 டக்கார் ராலியில் ராலி-2 பிரிவில் முதலாவதாக வந்தார். மொத்தத்தில் பதினொன்றாம் இடம். அந்தப் பந்தயத்தில் மாரத்தான் கட்டம் என்று ஒன்று உண்டு. அன்றிரவு மெக்கானிக் யாரும் கிட்டே வர முடியாது. நாள் முழுக்கப் பாலைவனத்தில் அடிபட்ட ஓட்டுநரே வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உலகத்தின் மிகப் பெரிய சூரர்களுக்கே அதுதான் விதி.

வண்டியில் பளபளவென்று மாட்டுவதெல்லாம் அடுத்தவர் பார்ப்பதற்கு. ஃபில்டரும் ஸ்போக்கும் செயினும் யார் கண்ணிலும் படாது. ஆனால் சாயங்காலம் உங்களை வீடு கொண்டுவந்து சேர்ப்பவை அவைதான்.

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நாலு விளக்கில் இரண்டைக் கழற்றி விற்றுவிட்டான். இப்போது தனியாகப் போவதில்லை. சனிக்கிழமை ராத்திரிகளில் கையில் ஸ்பேனரோடு உட்கார்ந்து சுருதி சேர்க்கிறானாம். உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற வண்டி எப்படி இருக்கிறது? மண்ணில் ஓடாத வண்டியாகவே இருக்கட்டும், இந்த வாரம் அந்த ஃபில்டரை ஒரு தடவை கழற்றிப் பாருங்களேன்.