சுருட்ட வேண்டாத படுக்கை

வீடு நிற்பதற்கு, வண்டி செல்வதற்கு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும் ஆசை மனிதருக்கு நெடுநாளாகவே உண்டு. கட்டிலும் அடுப்பும் மேசையும் கழிப்பறையும் உள்ளே அமைந்த மோட்டார் வண்டியை ஜேர்மானியர் 'வோன்மொபில்' என்பர். நாங்கள் எங்களுக்குள் வீட்டுவண்டி என்றே சொல்லிக்கொண்டோம். அத்தகைய வண்டியொன்றைத் தெரிவு செய்ய ஏறக்குறைய ஓராண்டு அலைந்தோம். அந்த அலைச்சலில் கண்டதையும் கேட்டதையும், எங்களுக்குள் நேர்ந்த ஒரு பிணக்கையும் இங்கு எழுத விழைகிறோம்.

1997ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு வந்தோம். ஒருவர் பண்டகசாலையிலும் மற்றவர் முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்திலுமாக உழைத்தோம். பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழி சென்றனர். 2020இல், விடுதிகளும் விமானங்களும் முடங்கிய கொரோனாக் காலத்தில், ஜேர்மனியில் அந்த ஓராண்டில் மட்டும் 70,000க்கு மேற்பட்ட புதிய வீட்டுவண்டிகள் பதிவாயின. எங்கள் தெருவிலேயே மூன்று வந்து நின்றன. மாலை நடையின்போது அவற்றின் சன்னல்களை எட்டிப் பார்ப்பது எங்களில் ஒருவருக்கு வழக்கமாயிற்று. மற்றவர் எட்டிப் பார்க்கவில்லை, மறுப்பும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது எங்கள் முதற்பிழை.

தேடத் தொடங்கிய நாட்களில் ஒரு பழைய செய்தி எங்களைக் கவர்ந்தது. தென்ஜேர்மனியின் அல்கொய் மலைநாட்டில் இஸ்னி என்றொரு சிற்றூர் உண்டு. சவுக்குகளும் பனிச்சறுக்குக் கோல்களும் செய்யும் தொழிலகத்தைச் சேர்ந்த அறிஸ்ற் டெத்லெஃப்ஸ் என்பவர், விற்பனைக்காக அங்கிருந்து ஊரூராகப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. அவரை மணக்கவிருந்த ஃப்ரிடல் எடல்மான் ஓர் ஓவியர். பிரிந்திருக்க விரும்பாத அப்பெண், தாமும் உடன் சென்று, இருந்து ஓவியம் தீட்டத்தக்க வண்டியொன்றை வேண்டினார். 1931இல் டெத்லெஃப்ஸ், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடொன்றைச் செய்து, அதற்கு 'வோன்அவுற்றோ' எனப் பெயரிட்டார். இயந்திரமும் வீடும் ஒரே கூட்டுக்குள் அமைந்த வண்டிகள் பரவலானது பின்னர் நிகழ்ந்தது. நெதர்லாந்து வணிகரான பென் பொன் 1947இல் தம் குறிப்பேட்டில் வரைந்த பெட்டி வடிவ வண்டியை வோக்ஸ்வாகன் நிறுவனம் 1950இல் தயாரிக்கத் தொடங்கியது. மறு ஆண்டே வெஸ்ற்ஃபாலியா நிறுவனம் அதனுள் பொருத்தத்தக்க படுக்கை, அலுமாரித் தொகுதியைச் செய்து விற்றது.

டெத்லெஃப்ஸின் கதையை அன்று நாங்கள் அழகான காதற்கதையாக மட்டுமே வாசித்தோம். ஒருவருடைய தேவையைக் கேட்டறிந்த பின்னரே மற்றவர் வண்டியைச் செய்தார் என்பது எங்கள் கண்ணில் படவில்லை.

ஆண்டுதோறும் கோடை முடியும் வேளையில் டுசல்டோர்ஃப் நகரில் வீட்டுவண்டிகளுக்கென மாபெரும் கண்காட்சி நடைபெறும். அங்கே ஒரு நாள் முழுவதும் மண்டபம் மண்டபமாக நடந்தோம். மாலையில் கால்கள் வீங்கின; ஆயினும் நால்வகை வண்டிகள் உண்டு என்பது தெளிவாயிற்று. சரக்கு வானின் இரும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே வீடமைப்பது ஒரு வகை. ஓட்டுநர் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் பின்னே அகன்ற வீட்டைக் கட்டுவது இரண்டாம் வகை. ஓட்டுநர் தலைக்கு மேலே மாடம்போல் ஒரு படுக்கை துருத்தி நிற்பது மூன்றாம் வகை. இதை 'அல்கோவன்' என்பர். முகப்பு முதல் பின்புறம் வரை யாவும் வீடமைப்பவரே கட்டி, பெரிய பேருந்துபோல் முன்கண்ணாடி வைத்தது நான்காம் வகை. இவற்றுள் பெரும்பாலானவை இத்தாலியின் ஃபியற் டுக்காற்றோ வண்டியின் மீது எழுந்தவை. அந்த வானின் பக்கச் சுவர்கள் ஏறக்குறைய நேராக நிற்பதால், உள்ளே குறுக்குவாட்டில் கட்டில் போட முடிகிறது.

விற்பனையாளர்கள் விளக்குகளையும் குளிர்சாதனப் பெட்டியையும் காட்டினார்கள். நிறையைப் பற்றி நாங்கள் கேட்ட பின்னரே பேசினார்கள். எங்கள் அனுமதிப்பத்திரங்கள் 1999க்குப் பின் பெற்றவை, 3.5 தொன்னுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட அவை இடந்தரா. நாங்கள் விரும்பிய வண்டியின் நிறை, ஓட்டுநரின் 75 கிலோவையும் சேர்த்து, 2,960 கிலோ என்று தாளில் இருந்தது. எஞ்சியது 540 கிலோ. போதாதா என்று மகிழ்ந்தோம். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். நீர்த்தொட்டி 100 லீற்றர் கொள்ளும். தாளில் 20 லீற்றரே சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே நீருக்கு இன்னும் 80. உடன் செல்பவருக்கு 65. வெயில் மறைப்புக்கும் சைக்கிள் தாங்கிக்கும் 50. மின்சைக்கிள் இரண்டுக்கு 50. மேலதிக பற்றரிக்கும் சூரியத் தகட்டுக்கும் 40. நாற்காலி, மேசைக்கு 25. உணவு, உடை, பாத்திரம், புத்தகம் எல்லாவற்றுக்குமாக 150. ஆக 460. எஞ்சிய 80 கிலோவுக்குள் எங்கள் சுதந்திரம் முழுவதும் அடங்க வேண்டியிருந்தது. எதைக் கொண்டு செல்வது என்று தொடங்கிய பேச்சு, எதை விட்டுச் செல்வது என்று முடிந்தது. அப்போதும் எங்களில் ஒருவர் மௌனமாகவே இருந்தார்.

புதியது எங்கள் கைக்கு எட்டாது என்று கண்டு, பழைய வண்டிகளைத் தேடினோம். நகரத்துக்கு வெளியே ஒரு விற்பனையாளரிடம் அல்கோவன் ஒன்று இருந்தது. உள்ளே எலுமிச்சை மணம் கமழ்ந்தது, திரைச்சீலைகள் புதியவை. முன்பணம் கொடுக்கக் கை நீட்டிய வேளையில், துணைக்கு வந்த அயலவர் ஈரமானியை எடுத்து மாடத்தின் மூலைகளில் அழுத்தினார். முள் சிவப்புக்கு ஓடியது. அவர் பெருவிரலால் அமுக்கிய இடம் பாண்போல் உள்ளே அமிழ்ந்தது. இத்தகைய வண்டிகளில் தகடுகள் பொருந்தும் மூட்டுகள் வழியே மழைநீர் கசிந்து, உள்ளே இருக்கும் மரச்சட்டங்கள் வெளியே தெரியாமல் உக்கிவிடுமாம். எலுமிச்சை மணத்தின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. இருபத்து நான்காண்டுச் சேமிப்பில் பாதி, ஒரு விரலின் அழுத்தத்தால் தப்பியது. பழைய வண்டி வாங்க நினைக்கும் எவரும் அழகைப் பார்க்கும் முன் மூலைகளைப் பார்ப்பாராக.

"வாங்கும் முன் ஒரு கிழமை வாடகைக்கு எடுத்து வாழ்ந்து பாருங்கள்" என்றார் அந்த அயலவர். அவ்வாறே சிறு வோக்ஸ்வாகன் வண்டியொன்றை எடுத்துக்கொண்டு மோசல் நதிக்கரைக்குச் சென்றோம். செங்குத்தான கற்பலகை மலைச்சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். அவற்றின் அடியில் நதி. நதியோரத்தில் வீட்டுவண்டிகளுக்கென ஒதுக்கிய தரிப்பிடம். மாலையில் ஊர்க்கோவில் மணி ஒலிக்கும் வேளையில் எல்லாரும் கதிரைகளை வெளியே போட்டு அமர்வர். அங்கே நாங்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: "உங்கள் வண்டியை ஏன் விரும்புகிறீர்கள்?"

எங்களுடையதைப் போன்ற சிறு வண்டியில் தனியே வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை சொன்னார்: "இதன் உயரம் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. நகரத்து நிலக்கீழ்த் தரிப்பிடத்திலும் நுழையும். இதிலேயே கடைக்குப் போகிறேன். நினைத்தால் இதிலேயே கடலுக்கும் போகிறேன். வேறொரு காரும் எனக்கு வேண்டாம்." மூன்று பிள்ளைகளுடன் வந்த இளம் பெற்றோர் தங்கள் பழைய அல்கோவனைக் காட்டினர். "மேலேயுள்ள மாடம் பிள்ளைகளின் நாடு. அங்கே எங்களுக்கு அனுமதி இல்லை. காற்றடித்தால் வண்டி தள்ளாடும், டீசலும் குடிக்கும். இருந்தாலும் மாற்றமாட்டோம்." பெரிய முன்கண்ணாடி வண்டியில் வந்தவர், நோயுற்ற தம் மனைவி படுத்தபடியே நதியைப் பார்க்கலாம் என்றார். கூரையிலிருந்து இறங்கும் கட்டில் அந்தக் கண்ணாடியருகே வந்து நின்றது. வேறு எந்த நன்மையையும் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒருவர் மற்றவரின் வண்டியைப் பார்த்து மெல்லச் சிரித்துக்கொள்வதும் உண்டு. சிறியதில் வந்தவர் பெரியதை 'யானை' என்பார். பெரியதில் வந்தவர் சிறியதை 'தீப்பெட்டி' என்பார். ஆயினும் கழிப்பறைப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, அதைக் கவிழ்க்கும் இடத்தை நோக்கிக் காலையில் வரிசையாகச் செல்லும்போது எல்லாரும் சமமே. அங்கே எவரும் எவரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

மூன்றாம் நாள் இரவு மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சிறுவண்டியின் கூரையை மேலே தள்ளினால் துணிச்சுவர் விரியும். அத்துணியில் மழை தட்டிக்கொண்டேயிருந்தது. விடிந்ததும் கூரையை இறக்க வேண்டும். ஈரத்துணியைப் பின்னர் மறவாமல் உலர்த்த வேண்டும். கீழேயுள்ள படுக்கையை மடித்து இருக்கையாக்கினால்தான் தேநீர் போடவும் இடம் கிடைக்கும். போர்வைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் திடீரென நிறுத்தினார்.

"இஞ்சாருங்கோ, இனியும் காலமை எழும்பிப் படுக்கை சுருட்டிக் கட்ட என்னாலை ஏலாது."

ஓராண்டு மௌனம் அவ்வொரு வாக்கியத்தில் உடைந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் மழையிரவில், வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்கு நடந்த இலட்சக்கணக்கான மக்களில் நாங்களும் இருந்தோம். அதன்பின் மாதக்கணக்கில் பள்ளிக்கூட விறாந்தைகளிலும் மரநிழல்களிலும் தறப்பாளின் கீழும் உறங்கினோம். ஒவ்வொரு காலையும் பாயைச் சுருட்டிக் கட்டிவைப்போம். எந்த நேரமும் புறப்பட வேண்டி வரலாம். துணியில் விழும் மழையின் ஓசை எங்களில் ஒருவருக்குச் சுற்றுலாவாகவும், மற்றவருக்குத் தறப்பாளாகவும் கேட்டிருக்கிறது. ஒரே பாயில் உறங்கி, ஒரே பாதையில் நடந்து வந்தவர்கள் நாங்கள். அப்படியிருந்தும் இதை ஒருவரையொருவர் கேட்டறியவில்லை.

அன்று எங்கும் செல்லவில்லை. மழையில் நனையும் நதியைப் பார்த்தபடி நெடுநேரம் பேசினோம். வீட்டுவண்டியே வேண்டாம் என்று விட்டுவிடவும் ஆயத்தமாயிருந்தோம். ஆனால் மறுத்தவரே சொன்னார்: "போறது எனக்குப் பயமில்லை. கட்டிக்கொண்டு போறதுதான் பயம்."

அதன்பின் தெரிவு செய்வது எளிதாயிற்று. அந்தத் தரிப்பிடத்தில் கேட்ட பதில்களையும் மறுபடி நினைத்துப் பார்த்தோம். எவரும் தம் வண்டி குறையற்றது என்று சொல்லவில்லை. தாம் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்றை அந்த வண்டி காத்துத் தருகிறது என்றே சொன்னார்கள். ஆசிரியைக்கு அது எவரையும் சாராத நடமாட்டம். பெற்றோருக்குப் பிள்ளைகளின் மாடம். நோயுற்றவரின் கணவருக்குப் படுக்கையிலிருந்து தெரியும் நதி. எங்களுக்கு அது, விரித்தபடியே இருக்கும் படுக்கை.

இரும்புக்கூட்டு வான் வகையில் இரு நீளங்கள் எங்கள் முன் நின்றன. 5.99 மீற்றர் வண்டியில் கட்டில் பின்புறத்தில் குறுக்காக இருக்கும். ஆறு மீற்றருக்கு உட்பட்டதால், தரிப்பிடம் தேடுவதும் எளிது. படகுப் பயணங்களில் கட்டணமும் குறையலாம். ஆனால் இரவில் எழும்புபவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். 6.36 மீற்றர் வண்டியில் இரு கட்டில்கள் நெடுக்காக, நடுவே வழியுடன் இருக்கும். வித்தியாசம் 37 சென்ரிமீற்றர். அந்த 37 சென்ரிமீற்றருக்காக நாங்கள் வாதாடவில்லை. மூட்டுவலி உள்ளவர் இரவில் தாமாக எழும்பி இறங்கக்கூடியதையே ஏழு ஆண்டு பழைமையானதாகப் பார்த்து வாங்கினோம். மூலைகளை அழுத்திப் பார்த்த பின்புதான்.

குறைகள் உண்டு. குளியலறையில் முழங்கை இடிக்கும். குளிர்காலத்தில் இரும்புக்கூட்டின் உட்புறம் வியர்க்கும். பழைய நகரத்து ஒடுங்கிய தெருக்களில் திரும்புவதற்கு இறங்கி நின்று கைகாட்ட ஒருவர் வேண்டும். ஆனாலும் தரிப்பிடங்களில் யாராவது வந்து, "இதை ஏன் தெரிவு செய்தீர்கள்?" என்று கேட்டால், பின்கதவைத் திறந்து காட்டுகிறோம். இரு கட்டில்கள், இரு போர்வைகள். முன்னாள் இரவில் விட்டபடியே. கேட்டவர்கள் எதிர்பார்ப்பது இயந்திரத்தைப் பற்றிய பேச்சு. ஆகவே சிலர் சற்று ஏமாற்றத்துடன் சென்றுவிடுவர்.

இவ்வாண்டு வசந்தத்தில் மீண்டும் மோசல் கரையில் நின்றோம். இரவெல்லாம் மழை. இரும்புக் கூரையில் அது வேறுவிதமாக ஒலித்தது. காலையில் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, வண்டியை இயக்கிப் புறப்பட்டோம். பின்னால் படுக்கை கலைந்தபடியே கிடந்தது. எவரும் அதைச் சுருட்டவில்லை.