எதிரே உட்கார்ந்த முகம்

திங்கள், மந்தைவெளி

மண்ணில் ஒரு தலை செய்வதற்கான கம்பிக்கூடு தயார். பலகையில் இரும்புக் குழாயை நட்டு, அதன் மேல் அலுமினியக் கம்பியைத் தலை அளவுக்கு வளைத்துக் கட்டினேன். உள்ளே இரண்டு மரத்துண்டுகளைக் குறுக்காகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பச்சை மண் கனமானது. இந்தக் குறுக்குக்கட்டை பிடித்துக்கொள்ளாவிட்டால், விடிவதற்குள் கன்னம் கழுத்துக்கு இறங்கிவிடும். களிமண்ணைக் கல், வேர் நீக்கிப் பிசைந்து ஈரச் சாக்கில் மூடி வைத்தாயிற்று.

நாளை முதல் எதிரே உட்காரப் போகிறவர், மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கட்டி விற்கும் அம்மா. மத்தியானம் வியாபாரம் மந்தம் என்பதால் அந்த நேரம் அவருக்குத் தோது. கூலியை முன்கூட்டியே பேசிக்கொண்டோம். ஒருவர் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து முகத்தைக் கொடுப்பதும் உழைப்புதான்.

செவ்வாய்

முதலில் அளவுகள். காதுத் துளையிலிருந்து மூக்கு நுனிக்கு, மோவாய்க்கு, புருவ மத்திக்கு என்று காலிப்பரால் எடுத்தேன். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மண்டை நிற்கும். பிறகு காதுக்குக் காது, கன்ன எலும்புக்குக் கன்ன எலும்பு. மூக்கும் உதடும் நாளைக்குப் போதும். இன்றைக்கு மண்டையின் பருமன்தான் முக்கியம்.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் அம்மா விறைத்துப்போனார். கழுத்து நிமிர்ந்து, வாய் இறுகி, மாட வீதியில் நான் பார்க்கும் முகமே காணோம். சற்று நேரத்தில் அவரே வழி சொன்னார். “சும்மா குந்திக்கினு இருந்தா தூக்கம் வருது கண்ணு. பூவயாச்சும் கட்றேன்.” கூடை மடிக்கு வந்தது. தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. வாழைநாரில் முடிச்சை இறுக்கும்போதெல்லாம் கீழுதடு உள்ளே போய், மோவாயில் சின்னதாக ஒரு குழி விழுந்து மறைந்தது. பிடிக்க வேண்டிய முகம் அதுதான்.

வியாழன்

பக்கத்துக்குப் பக்கம் முகம் வேறு. வலது கடைவாய்ப் பற்கள் போய்விட்டதால் அம்மா வெகு காலமாக இடப்பக்கமே மெல்கிறார். இடது தாடைத் தசை திரண்டிருக்கிறது; வலது கன்னம் ஒட்டி உள்ளே போயிருக்கிறது. கம்மல் பாரத்தில் காது குத்திய துளை கீழ்நோக்கிக் கீறலாக நீண்டிருக்கிறது. நேரே எடுத்த ஒரு போட்டோவில் இந்த ஆழங்கள் தெரியாது. ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பி, நானும் அவரைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு பக்கத்தின் விளிம்புக் கோட்டையும் மண்ணோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

கண்ணுக்கு நிறம் கிடையாது. கருவிழி இருக்கும் இடத்தைத் தோண்ட வேண்டும். அங்கே தேங்கும் நிழல்தான் பார்வை. மேலிமைக்குத் தடிமன் கொடுத்ததும் கண்ணில் களைப்பு வந்தது. அம்மா எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார். “எங்க ஆத்தா மூஞ்சி மாதிரி இருக்குது” என்று சொல்லிவிட்டு நெடுநேரம் நின்றார். ஈரத்துணி போர்த்தி, மேலே பாலிதீன் சுற்றி மூடினேன். இந்த வெயிலுக்கு ஒரு ராத்திரி மறந்தாலும் மண் சுருங்கி வெடித்துவிடும்.

சனி, மெரினா

இன்று அம்மாவுக்கு முகூர்த்த வியாபாரம். நான் கடற்கரைக்குப் போய் உழைப்பாளர் சிலையைச் சுற்றி வந்தேன். 1959 ஜனவரியில் நிறுவியது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கு, இன்றைய எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரிக்கு, முதல்வராக இருந்தவர். பாறையை நெம்பும் அந்த நால்வருக்கு மாதிரியாக நின்றவர்களில் அவருடைய கல்லூரிக்காரர்களும் உண்டு. ஒருவர் காவலாளி, ஒருவர் மாணவர். முதுகுத் தசை இழுபடுவதையும் கால் விரல்கள் மண்ணைக் கவ்வுவதையும் பார்த்தால், எதிரே ஆள் நின்று பாரம் தாங்கியது தெரிகிறது.

ராய் சௌத்ரியிடம் படித்தவர் மயிலாப்பூரில் பிறந்த எஸ். தனபால். பெரியார், திரு.வி.க., பாரதிதாசன் என்று தம் காலத்துப் பெரியவர்களின் முகங்களைச் சிற்பமாக்கினார். பின்னாளில் அதே கல்லூரிக்கு முதல்வரானார். இப்படி ஒரு மரபு இந்த ஊருக்கு இருக்கிறது.

இருந்தும், நம் ஊரில் பெரும்பாலும் ஆள் போன பிறகுதான் சிலை. தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் இருக்கும் சென்னை மாகாண கவர்னர் மன்றோவே அப்படித்தான். அவர் இறந்தது 1827இல். லண்டனில் சிற்பி சான்ட்ரி செய்த சிலை இங்கே நின்றது 1839இல். இன்றும் வழக்கம் மாறவில்லை. மாலை போட்ட ஒரு போட்டோவைக் கொடுத்து, இதைப் பார்த்துச் செய்யுங்கள் என்கிறோம். சிற்பி என்ன செய்வார்? காதுக்குப் பின்னால் என்ன இருந்தது, சிரித்தால் எந்தக் கன்னம் முதலில் ஏறும் என்று போட்டோ சொல்லாது. மீதியை ஊகத்தால்தான் நிரப்ப வேண்டும்.

புதன்

அச்சு எடுத்தாயிற்று. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை முதலில் மெல்லிசாகத் தெளித்து, மேலே கனமாகப் பூசி, இறுகியதும் இரண்டாகப் பிரித்தேன். உள்ளே இருந்த மண் தலை பிய்ந்து வாளிக்குப் போயிற்று. மண் சிற்பத்தின் விதி அது. அச்சில் வார்த்த தலையில் மோவாய்க் குழி அப்படியே இருக்கிறது. ஒரு வார்ப்பு எனக்கு, ஒன்று அம்மாவுக்கு. அவர் வீட்டில் வைக்க இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

போட்டோவில் இருப்பது ஒரு கணம். மண்ணில் இருப்பது இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்த அத்தனை நேரமும். அந்த நேரத்தை ஆள் போன பிறகு எந்தக் காசுக்கும் வாங்க முடியாது. உங்கள் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால், சிற்பம் படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவர் எதிரே உட்கார வையுங்கள். தெருவில் உழைக்கும் ஒருவரை மாதிரியாகக் கூப்பிட்டால் அவருக்குரிய கூலியைக் கொடுங்கள். எதுவானாலும், ஆள் இருக்கும்போதே செய்யுங்கள்.